நீலப் பட்டை மைக்

அக்கா மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடிக்க மாட்டார். தாடைக்குக் கீழே, நெஞ்சுக்கு மேலே, குழந்தைக்குப் பால் புட்டி பிடிக்கிற மாதிரி சாய்த்துப் பிடிப்பார். அப்படிப் பிடிக்கிறவர்களுக்கு நான் பெட்டியில் சத்தத் திருகைக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும். மற்ற எல்லோருக்கும் குறைக்கத்தான் பாடுபடுவேன்.

நான் மைக் செட் வைத்துப் பிழைக்கிறவன். தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில், ரப்பர் தோட்டங்களுக்குள் இருக்கிறது எங்கள் ஊர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு படித்ததெல்லாம் வேதப்புத்தகமும் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கமும்தான்.

மழை ஓய்ந்து ரப்பர் மரம் இலை கொட்டத் தொடங்கினால் எங்கள் பக்கம் கன்வென்ஷன் காலம். சபைக்குச் சபை பந்தல் போடுவார்கள். வெளியூரிலிருந்து பிரசங்கியார் வருவார். தமிழ் தெரியாதவர் என்றால் ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் சொல்லி நிறுத்துவார், பக்கத்தில் நிற்கிறவர் அதைத் தமிழில் சொல்வார். மறுபடி ஒரு வாக்கியம், மறுபடி தமிழ். இரண்டு பேருக்கும் இரண்டு மைக். மாறிப் போகாதிருக்க, பிரசங்கியாரின் மைக்கில் சிவப்பு டேப்பும் மொழிபெயர்க்கிறவரின் மைக்கில் நீல டேப்பும் பட்டையாகச் சுற்றி வைத்திருப்பேன். பல வருடம் அந்த நீலப் பட்டை மைக் அக்காவின் கையில்தான் இருந்தது. எனக்கு மட்டும் இல்லை, ஊருக்கே அவர் அக்கா.

போன மழைக்காலத்தில் அக்கா இறந்துபோனார். பேச்சிப்பாறைப் பக்கம் தங்கை வீட்டில் இருந்தார். செய்தி வந்தபோது நான் ஒரு ஸ்பீக்கர் பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டு மீதி ஆணியையும் அடித்து முடித்தேன். எனக்கு இப்போதெல்லாம் எதுவும் உடனே உள்ளே ஏறுவதில்லை. பெட்டியில் விளக்கு எரியும், சத்தம் வராது பாருங்கள், அந்த மாதிரி. எங்கோ ஒரு வயர் விட்டுப் போயிருக்கிறது. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

அக்கா குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தவர். ஏன் திரும்பி வந்தார் என்று ஊரில் பலரும் பலதும் சொன்னார்கள். அவரிடம் கேட்டால், "வேலை முடிஞ்சுது, வந்தேன்" என்பார். ஜங்ஷனில் ரப்பர் ஷீட் கடைக்கு மேல் ஒரு அறை எடுத்து, வெளிநாடு போகப் போகும் நர்ஸ்மாருக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார். படி ஏறும்போதே ஷீட் புகை வாடை மூக்கில் ஏறும்.

அங்கே ஒரு ஸ்பீக்கர் கரகரக்கிறது என்று ஒருநாள் போயிருந்தேன். நான் மூலையில் உட்கார்ந்து வயரைச் சுரண்டிக்கொண்டிருக்க, அக்கா பாடம் எடுத்தார். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து நிற்கும் சின்னச் சொற்களைப் பற்றிய பாடம்.

"இங்கிலீஷில ஒரு பேரு தனியா ரோட்டுல இறங்காது. முன்னால ஒரு ஆளு நடக்கும். எ, த, திஸ், மை, சம், எவ்ரி, நோ. அது எந்தப் பேரு, யாருக்குள்ளது, ஒண்ணா பலதா, கொஞ்சமா முழுக்கவா, எல்லாத்தையும் அந்த ஆளு முதல்லயே சொல்லிரும். நம்ம தமிழில ‘பிள்ளை வந்துது’ன்னா போதும். இங்கிலீஷ்காரன் விடமாட்டான். எந்தப் பிள்ளைன்னு வாசல்லயே நிறுத்திக் கேப்பான்."

"இதுல பெரும்பாடு என்னன்னா அக்கா, ரெண்டு ஆளு சேந்து வந்தா எவன் முன்னால நிக்கணும்னு தெரியல்ல" என்றாள் ஒரு பெண்.

"அதுக்கு ஒரு வரிசை உண்டு. ஆலும் மையும் வந்தா ஆல் முன்னால. ஆல் மை சில்ட்ரன். மை ஆல் சில்ட்ரன்னு சொன்னா அவனுக்கு விளங்காது. ஸச் வந்தா அதுக்குப் பெறவுதான் எ. ஸச் எ டே."

"அப்பம் இந்த ஆலுங்கது நம்ம கமிட்டிக்காரராக்கும். திருவிருந்துக்கு அவருதான எப்பமும் முன்னால போவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். சிரித்தாலும் அவருக்கு வாய் அதிகம் திறக்காது.

பிறகு வெரி, ஸோ, டூ, ரியலி என்று பலகையில் எழுதினார். "இவனுவ வேற சாதி. முன்ன சொன்னதெல்லாம் வேலைக்காரன். இது வெறும் திருகு." சட்டென்று என் பக்கம் திரும்பினார். "மக்கா, திருகைக் கூட்டினா என்ன ஆவும்?"

"சத்தம் கூடும் அக்கா."

"பாட்டு மாறுமா?"

"மாறாது."

"இன்னும் கூட்டினா?"

"கூவும்."

"அதாக்கும்" என்று சொல்லிவிட்டுப் பலகையைத் துடைத்தார். மைக் கூவுவதை நான் ஆயுசு முழுக்கக் கேட்டவன். அன்று ஏனோ அது எனக்கே புதிதாக இருந்தது.

பாடத்தில் மட்டும் இல்லை. அக்கா நடந்துகொண்டதே அப்படித்தான். கடியப்பட்டணத்திலிருந்து மீன் கொண்டு வரும் ஒரு அம்மா ஜங்ஷனில் சட்டியை இறக்குவார். ஒருநாள் நானும் நின்றேன்.

"எக்கா, நல்ல நெய்ச்சாளை. எல்லாம் இன்னைக்குப் பிடிச்சதாக்கும்."

"எல்லாமா?"

"எல்லாந்தான்."

அக்கா ஒரு மீனின் செவுளை விரலால் தூக்கிக் காட்டினார். "இதுவுமா?"

"அது... அந்த ஒண்ணு நேத்துள்ளது."

"அப்பம் எல்லாம் இல்ல."

"யம்மோ, ஒங்களுக்கு மீனு விக்கதுக்கு கோர்ட்டுல போய் சாட்சி சொல்லிட்டு வந்திரலாம்."

அக்கா அந்த நேற்றைய மீனையும் சேர்த்துத்தான் வாங்கினார். அது எனக்கு இப்போது எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது.

ஊரில் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு கல்யாணத்தில் மேடைக்குக் கூப்பிட்டு வாழ்த்தச் சொன்னார்கள். அவருக்கு முன்னால் மைக்கைப் பிடித்தவர்கள் எல்லாம் பெண்ணை ராணி என்றும் மாப்பிள்ளையை ராஜகுமாரன் என்றும் ஏற்றிக்கொண்டே போயிருந்தார்கள். அக்கா வந்து, "இந்தப் பொண்ணும் இந்தப் பையனும் நல்லா இருக்கட்டும். அவ கோவக்காரி. அவன் பொறுமைக்காரன். கர்த்தர் கூட இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். பெண்ணின் தாயார் முகம் போன போக்கை என் பெட்டிக்குப் பக்கத்திலிருந்தே பார்த்தேன். பெண் மட்டும் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

மேடையிலும் அப்படியேதான். பிரசங்கியார் கையை விரித்து, "வாட் எ வெரி, வெரி, வெரி பிக் க்ரவுட்" என்று முழங்குவார். அக்கா, "கூட்டம் வந்திருக்கு" என்பார். ஜனம் சிரிக்கும். பிரசங்கியார் தன்னுடைய பேச்சுக்குச் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். ஆனால் அவர் சிலர் என்று சொன்னால் அக்கா சிலர் என்பார். ஒவ்வொருவரும் என்றால் ஒவ்வொருவரும். ஒன்றைக்கூட விடமாட்டார், ஒன்றைக்கூடச் சேர்க்கமாட்டார். பிரசங்கியார் இருமினால் அதை மட்டும்தான் விடுவார் என்று பையன்கள் கேலி பேசுவார்கள்.

சந்தேகம் வந்தால் மேடையிலேயே கேட்டுவிடுவார். கமிட்டியிடம் முதலிலேயே சொல்லி வைத்திருந்தார். ஒருமுறை ஒருவர் தன் பிரதரைப் பற்றிச் சாட்சி சொன்னார். அக்கா நிறுத்தி, கண்ணை ஒருகணம் மூடித் திறந்து, ஆங்கிலத்தில் அவரிடம் ஏதோ கேட்டார். பிறகு ஜனத்தைப் பார்த்து, "மூத்தவரா இளையவரான்னு கேட்டேன். இளையவராம். எனக்க தம்பி ஒருத்தன் இருந்தான்னு சொல்லுதாரு" என்றார். பந்தல் முழுக்க அதை ரசித்தது. எங்களுக்கு அண்ணன் தம்பி தெரியாமல் கதை எப்படி ஓடும்?

எங்கள் பக்கம் தண்ணீரை வெள்ளம் என்போம். அந்த நாட்களில் அக்கா மேடை ஏறுமுன் சீரக வெள்ளம் குடிப்பார். அதைக் காய்ச்சி ஃபிளாஸ்கில் ஊற்றி என் கையில் கொடுத்து விடுகிறவள் என் மனைவி. சீரகத்தை முதலில் வெறும் சட்டியில் வறுத்துவிட்டுத்தான் வெள்ளம் ஊற்றுவாள். "அக்காவுக்க தொண்டை நமக்குள்ளதாக்கும்" என்பாள். அவளுக்கு ஆங்கிலம் ஒரு எழுத்துத் தெரியாது. வெளியூர்ப் பிரசங்கியார் வாயிலிருந்து வரும் தேவ வார்த்தை அக்காவின் தொண்டை வழியாகத்தான் அவளிடம் வந்து சேர வேண்டும். அவ்வளவு மதிப்பு வைத்திருந்தாள்.

எங்களுக்கு ஒரே மகள். ஜெஸி. அவளுக்குச் சின்ன வயதிலேயே வலிப்பு வந்தது. காலையும் மாலையும் மாத்திரை. மாத்திரை இருந்தும் சில மாதம் வரும், சில மாதம் வராது. வந்தால் கண் மேலே போய்விடும், கை முறுக்கும், பிறகு எழுந்து ஒன்றும் நடக்காத மாதிரி, "அம்மா, பசிக்குது" என்பாள். மாத்திரையை ஒருநாளும் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் ஆபத்து என்று நாகர்கோவில் டாக்டர் அழுத்திச் சொல்லியிருந்தார். என் மனைவி மாத்திரையும் கொடுப்பாள், ஜெபமும் செய்வாள். இரண்டுக்கும் நடுவில் அவளுக்கு வழக்கு ஒன்றும் இருந்ததில்லை.

ஒரு வருடம் வந்த பிரசங்கியார் வடக்கேயுள்ளவர். வெள்ளை உடுப்பு, நல்ல சிரிப்பு. கெட்ட மனிதர் என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். கடைசி நாள் சாயங்காலம், சுகத்துக்காக ஜெபிக்க வேண்டியவர்களை மேடைக்குக் கூப்பிட்டார். என் மனைவி ஜெஸியைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு முன்னால் போனாள். நான் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் இருந்தேன். வேலைக்காரன் இடத்தை விட்டு எழும்ப முடியாது. தூரத்திலிருந்து என் மகளின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரட்டைச் சடையில் ஒன்று அவிழ்ந்திருந்தது.

பிரசங்கியார் அவள் தலையில் கையை வைத்தார். கண்ணை மூடினார். சத்தமாக ஒரு வாக்கியம் சொன்னார்.

"இந்தப் பிள்ளை சுகமாகும்னு சொல்லுதாரு" என்றார் அக்கா.

என் மனைவி அப்படியே முழங்காலில் இறங்கிவிட்டாள்.

அவர் அடுத்ததைச் சொன்னார். நோ டேப்லெட், எவ்ரி டேப்லெட் என்று காதில் விழுந்தது. கையால் எதையோ தூக்கித் தூர எறிகிற மாதிரி காட்டினார். அந்தக் கையிலிருந்தே எனக்குப் புரிந்துவிட்டது. பந்தலில் பலருக்கும் புரிந்திருக்கும்.

அக்கா தமிழில் சொல்லவில்லை. கண்ணை மூடித் திறந்தார். பிரசங்கியார் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டார். பிறகு எங்கள் பக்கம் பார்த்துச் சொன்னார்:

"எல்லா மாத்திரையையும் தூக்கிப் போடணும், ஒண்ணு கூடத் தின்னக் கூடாதுன்னு சொல்லுதாரு. எந்த மாத்திரை, எந்தச் சூக்கேட்டுக்கு, எந்த நோவுக்குள்ளதுன்னு கேட்டிருக்கேன்."

பிரசங்கியார் சிரிப்பை விடாமல், தன் மைக்கை வாயிலிருந்து இறக்கி, அக்காவின் காதுப் பக்கம் குனிந்து மெதுவாக ஏதோ சொன்னார். அது ஸ்பீக்கரில் வரவில்லை. அக்கா மட்டும்தான் கேட்டார்.

பிரசங்கியார் சொன்ன சங்கதி எதையும் அக்கா இதுவரை விட்டதில்லை. அன்றும் விடவில்லை. நீலப் பட்டை மைக்கைத் தாடைக்குக் கீழே பிடித்து, கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்:

"எனக்குத் தெரியாது. நீ சும்மா சொல்லுன்னு சொல்லுதாரு."

ஜெனரேட்டர் ஓடுகிறது மட்டும் கேட்டது. பிரசங்கியாருக்குத் தமிழ் தெரியாது. அக்கா என்ன சொன்னார் என்பது அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. அவர் "ஆமென்?" என்று கேட்டார். யாரும் ஆமென் சொல்லவில்லை. மைக்தான் கேட்கவில்லை போல என்று நினைத்து, என்னைப் பார்த்து விரலை மேலே தூக்கிக் காட்டினார், கூட்டு, கூட்டு என்று. இந்தப் பக்கம் கமிட்டிச் செயலர் என் தோளுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ஏலே, அவளுக்க மைக்க ஆஃப் பண்ணுல."

என் கை திருகின் மேல் இருந்தது. ஒருவர் கூட்டச் சொல்கிறார், ஒருவர் நிறுத்தச் சொல்கிறார். மேடையில் என் மனைவி முழங்காலில் இருக்கிறாள். என் மகள் திரும்பிக் கூட்டத்தில் என்னைத் தேடுகிறாள். கை எந்தப் பக்கமும் போகவில்லை. செயலரே பெஞ்சைச் சுற்றி வந்து வயரைப் பிடுங்கினார். பிடுங்கியது சிவப்பு மைக்கின் வயர்.

அதன் பிறகு பிரசங்கியாரின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அக்கா நீல மைக்கில், "இன்னைக்கு இவ்வளவுதான். பிள்ளையள பாத்துக் கூட்டிட்டுப் போங்க" என்றார். அது மட்டும் அவர் சொந்தமாகச் சொன்னது.

வீட்டுக்கு வந்து என் மனைவி மாத்திரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"குடுக்கவா, வேண்டாமா?"

"குடு."

"அவரு சுகமாகும்னு சொன்னாரு."

"அவரே தெரியாதுன்னும் சொன்னாரு."

"அது மனுஷன் சொன்னது. முன்ன சொன்னது ஆவியானவர் சொன்னது. அந்த அக்கா குறுக்க விழுந்து ரெண்டையும் ஒண்ணாக்கிட்டாவ."

ஜெஸி கையை நீட்டினாள். அம்மா கொடுத்தாள். அதன் பிறகு ஒருவேளைகூடத் தவறாமல் கொடுத்தாள். ஆனால் ஒவ்வொரு முறையும் கொடுக்கும்போது விசுவாசத்துக்கு விரோதமாக ஏதோ செய்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சீரக வெள்ளம் காய்ச்சுவதை அன்றோடு நிறுத்தினாள். ரோட்டில் அக்காவைக் கண்டால் கடைக்குள் ஏறிவிடுவாள்.

அந்த மேடையை யாரோ போனில் பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டிருந்தார்கள். கொஞ்ச நாள் அது ஊரின் விளையாட்டாகிவிட்டது. டீக்கடையில் ஒருவன் இன்னொருவனிடம், "லேய், மழை வருமால?" என்பான். அவன் குரலைத் தாழ்த்தி, "எனக்குத் தெரியாது, நீ சும்மா சொல்லு" என்பான். அக்கா பக்கத்தில் நின்று பால் வாங்கிக்கொண்டிருப்பார். ஒருநாள் திரும்பி அந்தப் பையனிடம், "நான் இவ்வளவு மெதுவாச் சொல்லல்ல மக்கா. மைக்குல சொன்னேன்" என்றார். அவ்வளவுதான் அவர் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டது.

அடுத்த வருடம் நீல மைக் வேறொருவர் கைக்குப் போனது. நல்ல பையன், நல்ல குரல். பிரசங்கியார் ஒரு வாக்கியம் சொன்னால் இவன் மூன்று சொல்வான். கிரேட் என்றால் மகா பெரிய, வல்லமையான, அதிசயமான என்று அடுக்குவான். ஜனத்துக்குப் பிடித்திருந்தது. என் மனைவிக்கும் பிடித்திருந்தது. எனக்குத்தான் கை ஓயாமல் திருகைக் குறைக்க வேண்டியிருந்தது. அக்கா கன்வென்ஷனுக்கு வருவதை நிறுத்தவில்லை. பந்தலின் கடைசியில், என் பெட்டிகளுக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். ஆங்கிலம் வரும்போது அவருடைய உதடு அசையும். ஒருமுறை குனிந்து கேட்டேன். மேடையில் பையன் நீளமாக முழங்கிக்கொண்டிருக்க, இங்கே அக்கா மூச்சுக்குள் சின்னதாக, "ஒரு மனுஷன் இருந்தான். அவனுக்கு ஒரு மகள் இருந்தா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜெஸி ஏழாம் வகுப்பு படிக்கும்போது சானல் கால்வாயில் குளித்துக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்து இறந்துபோனாள். இடுப்பளவு வெள்ளம்தான். அம்மா படியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. இதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். எல்லோரிடமும் இதே வார்த்தைகளில்தான் வருகிறது. வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

அடக்கத்துக்கு ஊர் முழுக்க வந்தது. ரொம்ப நல்ல பிள்ளை என்றார்கள். அப்படியொரு பிள்ளை எங்கேயும் கிடையாது என்றார்கள். தேவதூதனைப் போல என்றார்கள். ஒன்றும் பொய் இல்லை. ஆனால் கேட்கக் கேட்க, யாரோ வேறொரு பிள்ளையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே இருந்தது. அடுக்களைப் பக்கம் ஒரு குரல், "அன்னைக்கு அந்தப் பொம்பள வாயி குறுக்க வராம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்தியது. என் மனைவிக்கும் அது கேட்டிருக்கும். அவள் அழவில்லை, பேசவில்லை, ஒரு வாய் கஞ்சி இறக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. மகள் போய்விட்டாள், இவளும் இப்படியே போய்விடுவாளோ என்று. ஜெபிக்க உட்கார்ந்தால் எனக்கு ஆண்டவரே என்பதற்கு மேல் வரவில்லை. அவர் இருக்கிறார் என்பதில் சந்தேகம் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. எனக்குத்தான் அவர் சத்தம் கேட்கவில்லை.

மறுநாள் காலை அக்கா வந்தார். செருப்பை வாசலில் ஓரமாகக் கழற்றினார். உள்ளே இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் எழுந்தேன். போய்விடுங்கள் என்று சொல்வதா, வாருங்கள் என்று சொல்வதா என்று தெரியவில்லை. அவர் என்னைத் தாண்டிப் போய் என் மனைவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கையைப் பிடிக்கவில்லை, தலையைத் தடவவில்லை. நேராகக் கேட்டார்:

"ஜெஸி எந்த உடுப்பு போட்டிருந்தா?"

நான் திடுக்கிட்டேன். கேட்கிற கேள்வியா இது?

சுவரைப் பார்த்தபடியே என் மனைவி, "மஞ்சப் பாவாடை" என்றாள். முந்தின நாளிலிருந்து அவள் சொன்ன முதல் வார்த்தை.

"எந்த மஞ்சள்? கிறிஸ்மஸுக்கு எடுத்ததா?"

"அது குட்டையாப் போச்சு. இது எனக்க தங்கச்சி குடுத்தது. ஓரத்துல பூ உள்ளது."

"காலையில என்ன தின்னா?"

"புட்டு. பயறு வேண்டாம்னா. சீனி போட்டுத் தின்னா. சீனி வேணாம்டின்னேன், கேக்கல்ல."

"கேக்கமாட்டா."

"கேக்கவே மாட்டா அக்கா." அவள் திரும்பினாள். கண் வறண்டு கிடந்தது. "மாத்திரை குடுத்தேன். அன்னைக்கும் குடுத்தேன். ஒருநாளும் குடுக்காம இருந்ததில்ல."

"தெரியும்."

என் மனைவி கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். அவிழ்ந்த முடியைக்கூட ஒதுக்கவில்லை. நேராக அக்காவின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அன்னைக்கு நீங்க நடுவுல கேக்காம, அவரு சொன்னத அப்பிடியே சொல்லியிருந்தா, எனக்க பிள்ளைக்கு சுகம் கெடச்சிருக்குமா?"

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. கிடைத்திருக்காது என்று அக்கா சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது எனக்கு. வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நானே சொல்லியிருப்பேன். மாத்திரைதான் இவ்வளவு நாள் காத்தது, தேவ சித்தம், உன்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று எத்தனையோ சொல்லலாம்.

அக்கா கண்ணை மூடித் திறந்தார்.

"எனக்குத் தெரியாது மக்கா."

அதோடு நிறுத்திவிட்டார். ஆனால் என்று ஒன்றும் சேர்க்கவில்லை. முன்பு பந்தலில் ஒருவர் காதோடு சொன்ன அதே வார்த்தை. இவர் அதை முகத்துக்கு நேராக, பெண்கள் எல்லோரும் கேட்கச் சொன்னார்.

என் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வெகுநேரம் சுமந்த தண்ணீர்க் குடத்தை ஒருவர் வாங்கி இறக்கி வைத்த மாதிரி அவளுடைய தோள் இரண்டும் கீழே இறங்கின.

"ஒரு ஜெபம் பண்ணுங்க" என்றாள்.

நாங்கள் கண்ணை மூடினோம். அடுக்களையில் நின்றவர்களும் முக்காடு போட்டிருப்பார்கள்.

"கர்த்தாவே" என்றார் அக்கா. "இந்தப் பிள்ளை."

மீதிக்காகக் காத்திருந்தோம். மீதி வரவில்லை. கடைவீதிப் பக்கம் ஒரு பஸ் போனது. கோழி ஒன்று உள்ளே வந்து வெளியே போனது. அக்காவின் மூச்சு மட்டும் கேட்டது, மைக்குக்குப் பக்கத்தில் நிற்கிறவரின் மூச்சு மாதிரி. இந்தப் பிள்ளை என்றால் ஓரத்தில் பூ உள்ள மஞ்சள் பாவாடை. பயறு வேண்டாம் என்று சீனி போட்டுத் தின்றவள். மேடையில் நின்று என்னைத் தேடியவள். முந்தின நாள் முழுக்க ஊர் பேசிய பிள்ளையை எனக்கு அடையாளம் தெரியவில்லை. இந்தப் பிள்ளையைத் தெரிந்தது.

"ஆமென்" என்றாள் என் மனைவி.

நான் கண்ணைத் திறந்தபோது பாயில் அவள் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்குள் போயிருந்தாள். யாரோ, "நீ இரி பிள்ளே, நாங்க செய்யுதோம்" என்றார்கள். அவள் பதில் சொல்லவில்லை. தீப்பெட்டி உரசுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில், வெறும் சட்டியில் சீரகம் வறுபடும் மணம் வந்தது.